மேல் பொட்டு, கீழ் பொட்டு

என்னை அவசரப்படுத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. முதலாளியாக இருந்தாலும் சரி, முதலாளி வீட்டு மருமகனாக இருந்தாலும் சரி.

ஆம்பூரில் எங்கள் தோல் கம்பெனியின் லேப் இரண்டே அறைதான். ஒன்று என்னுடையது. தோலின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும் கொழுப்பு எங்கிருந்து வந்தது, சாயத்தில் என்ன கலந்திருக்கிறது என்றெல்லாம் பார்ப்பது என் வேலை. அடுத்தது நந்தினியின் அறை. நுண்ணுயிரியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். ஊறல் தொட்டியிலும் கழிவுநீரிலும் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று பார்த்துச் சொல்வாள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அது மூடி நான் பார்த்ததில்லை. அவளுக்கு நான் பில்கிஸ் அக்கா. என் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள் இந்தக் கம்பெனியில் அவள்தான்.

அவள் புருஷன் செந்தில்குமாரும் எங்கள் கம்பெனிதான். கணியம்பாடிப் பக்கத்துக்காரன். உப்புத்தோல் குடோன் அவன் பொறுப்பு. பச்சைத் தோல் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றின் மேலும் உப்பைக் கொட்டி, அடுக்கி, கெடாமல் வைத்திருக்க வேண்டும். தோல் ஊறலுக்குப் போகும் முன் அந்த உப்பை உதறிவிடுவார்கள். உதறின உப்பு குடோனுக்குப் பின்னால் மலை மாதிரி கிடக்கும். அதை மறுபடி தோலுக்குப் போடக் கூடாது என்பது சட்டம். ரத்தமும் அழுக்கும் சேர்ந்த உப்பு அது. ஆனால் சில இடங்களில் புது உப்பு மூட்டையை வெளியே விற்றுவிட்டு, உதறின உப்பையே போட்டு ஒப்பேற்றுகிற கில்லாடிகள் உண்டு. அதனால் எந்தக் குடோனில் தோல் கெட்டாலும் முதல் சந்தேகம் அங்கேதான் போகும்.

ஐப்பசி மழை விட்ட பிறகு ஒரு காலையில், எங்கள் முதலாளி ஷபீ அஹமது பாய் ஒரு துண்டுத் தோலை என் மேசை மேல் போட்டார். ரோஜாப் பூவை அரைத்துத் தடவியது போலச் சிவப்புத் திட்டுகள். நகத்தால் கீறினேன், மேல்புறம் உரிந்து வந்தது. ஷூவுக்கு ஆகாது.

"ஒரு அடுக்கு முழுக்க இப்படித்தான் இருக்குது பில்கிஸ். செந்தில கேட்டா புது உப்புதான் போட்டேன்றான். உப்பு வியாபாரி, என் உப்பு சுத்தம்றான். யாரோ ஒருத்தன் பொய் சொல்றான்."

நந்தினி கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். பாய் அவள் பக்கம் திரும்பினார்.

"நீதாம்மா பாக்கணும். உதறின உப்புதான்னு வந்தா உன் புருஷனை நான் வெச்சிக்க முடியாது. மூட்டையை வித்துட்டான்னு ஊரே பேசும். அப்புறம் எந்தக் கம்பெனியும் அவனை உள்ள விடாது."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "பாய், அவ புருஷன் விஷயத்தை அவகிட்டயே குடுக்கறீங்களே, இது இன்னா நியாயம்?"

"வேற யார்கிட்ட குடுத்தாலும் நான் நம்ப மாட்டேன். இவ பொய் எழுத மாட்டா," என்றார்.

பாராட்டுதான். கழுத்தில் கல்லைக் கட்டுகிற பாராட்டு. பாய் போன பிறகு நந்தினி, "அக்கா, சாம்பிளை நீங்க எடுத்துட்டு வாங்க. பாட்டில்ல நம்பர் மட்டும் போடுங்க. எது எதுன்னு எனக்குச் சொல்லவே சொல்லாதீங்க," என்றாள்.

அப்படியே செய்தேன். கெட்ட அடுக்கின் மேல் வரிசைத் தோல் ஒன்று, கீழ் வரிசைத் தோல் ஒன்று, புது மூட்டையிலிருந்து உப்பு, பின்னால் கிடக்கும் உதறின உப்பு. நாலு பாட்டில்.

இந்தச் சிவப்புக்குக் காரணம் உப்பிலேயே குடித்தனம் நடத்தும் நுண்ணுயிர்கள். மீனையும் தோலையும் கெடாமல் வைக்கிற உப்பு, இவற்றுக்கு மட்டும் விருந்து. அதிலும் இரண்டு ஜாதி உண்டு. உப்பளத்தில் கடல் தண்ணீர் காயும்போதே குடியேறி, மூட்டையோடு வந்து சேர்வது ஒன்று. புத்தகத்தில் அதற்கு ஆர்க்கியா என்று தனிப் பெயர் இருக்கிறது. இன்னொன்று, உப்புக்குப் பழகிய சாதாரண பாக்டீரியா. எங்கள் உதறின உப்பு மேட்டில் பல வருஷமாக வாழ்வது அதுதான் என்று நந்தினி முன்பே பார்த்து வைத்திருந்தாள். தொல்லை என்னவென்றால், நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரி குட்டிக் குட்டிக் கம்பி. தட்டில் வளர்த்தால் ஒரே சிவப்பு. கண்ணை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது.

தோல் ஊரில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. ரெக்சினையும் தோலையும் பார்த்து யார் வேண்டுமானாலும் ஏமாறலாம். ஒரு மூலையைக் கொளுத்தினால் வாசனை சொல்லிவிடும். நாங்கள் செய்ததும் ஏறக்குறைய அதுதான். உடம்பு எதனால் ஆனது என்று கேட்பது. அந்தக் கம்பிகளைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. சாதாரண பாக்டீரியாவின் கொழுப்பை அமிலத்தோடு சூடாக்கினால் கட்டு அவிழ்ந்து துண்டாகிவிடும். உப்பளத்து ஜாதியின் கொழுப்பில் கட்டு வேறு மாதிரி, எவ்வளவு சூடாக்கினாலும் அவிழாது. பிறகு கரைசலை ஒரு வெள்ளைத் தட்டின் அடியில் சொட்டு வைத்து, கரைப்பானில் நிறுத்தினால், துண்டான கொழுப்பு சரசரவென்று மேலே ஏறும். துண்டாகாதது கீழேயே தங்கும். மருந்து தெளித்துச் சூடு காட்டினால் தட்டு மஞ்சளாகி, அதில் கருநீலப் பொட்டு தெரியும். மேல் பொட்டு என்றால் உதறின உப்பு மேட்டுக்காரன். கீழ் பொட்டு என்றால் உப்பளத்துக்காரன். வளர்ப்பது நந்தினி, பொட்டு வைப்பது நான்.

வளர்ப்பதற்கு உப்போடு பெப்டோன் என்றொரு தூள் வேண்டும். அதுதான் இவற்றுக்குச் சாப்பாடு. வெளியூரிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். பாயின் மருமகன் ஹஸன், தோலின் உள்பக்கம் சுரண்டும் ஜவ்வையும் அறுப்புக் கூடத்துக் கழிவையும் வேகவைத்து அவனே பெப்டோன் தயாரிக்க ஆரம்பித்த பிறகு, எங்கள் லேபுக்கு அதுதான் என்று ஆகிவிட்டது. நம்ம கழிவு, நம்ம பெப்டோன் என்று பாய்க்கு ஒரே பெருமை. ஊறல் தொட்டிக் கிருமியெல்லாம் அதில் நன்றாகத்தான் வளர்ந்தது. நாங்களும் குறை சொல்லவில்லை.

சிவப்பு ஜாதி சாவகாசமாக வளரும். பாய்க்குச் சாவகாசம் கிடையாது. தினம் வந்து எட்டிப் பார்ப்பார். நந்தினியிடம் கல்லூரிக் காலத்திலிருந்து பத்திரப்படுத்திய உப்பளத்து ஜாதி ஒன்று ஃப்ரிட்ஜில் இருந்தது. இன்னதென்று ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கூடவே வளர்த்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை. அதை எழுப்பவே தனியாக நாள் பிடிக்கும் என்று அவள் சொன்னதும், "இருக்கிறதைப் பாரும்மா முதல்ல," என்று பாய் கையை உதறினார். அவளும் விட்டுவிட்டாள்.

ஒருவழியாகத் தட்டுகளை என்னிடம் கொண்டுவந்தாள். இரண்டில்தான் சிவப்பு வளர்ந்திருந்தது. மற்ற இரண்டும் வெறும் தட்டு. வளர்ந்த இரண்டையும் நான் காய்ச்சி, பொட்டு வைத்து, மருந்து தெளித்தேன். இரண்டிலும் மேல் பொட்டு. பளிச்சென்று.

"எது எதுக்கா?" என்றாள்.

பாட்டில் நம்பரை என் நோட்டோடு ஒத்துப் பார்த்தேன். சொன்னேன். வளர்ந்தவை கீழ் வரிசைத் தோலும் உதறின உப்பும். புது உப்பில் ஒன்றும் இல்லை, வியாபாரி சொன்னபடி சுத்தம். மேல் வரிசைத் தோலிலும் ஒன்றும் இல்லை.

"அதெப்படி? அந்தத் தோலும் செக்கச்செவேல்னு இருந்துச்சே," என்றேன்.

அவள் காதில் விழவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் உட்கார்ந்து, தோலில் இருப்பது உதறின உப்பின் பாக்டீரியாதான் என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள். நானாக இருந்தால் ஒரு நாளாவது தள்ளிப் போட்டிருப்பேன்.

பாய் செந்திலைக் கூப்பிட்டு வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அதில் பாதிப் பேர் அவனிடம் கைமாற்று வாங்கியவர்கள்.

வீட்டில் என்ன நடந்தது என்று நந்தினி சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"புது உப்புதான்னு என் தலைமேல கை வெச்சுச் சொன்னாருக்கா. எப்படிங்க அந்தத் தோல்ல அது வந்துச்சுன்னு கேட்டேன். தட்டு சொல்றதை நம்புவ, கட்டினவன் சொல்றதை நம்ப மாட்டியான்னார். அதுக்கு மேல பேசவே இல்ல. தனியா போட்டுக்கினு சாப்புடறார்."

எனக்கு அவன் மேல் பரிதாபமும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் மனசுக்குள் அந்த வெறும் தட்டு உறுத்திக்கொண்டே இருந்தது. சிவந்த தோலிலிருந்து சிவப்பே முளைக்கவில்லை என்றால் எங்கோ இடிக்கிறது. மறுபடி அதைச் சொன்னேன். இந்தத் தடவை அவள் காது கொடுத்தாள். அன்றைக்கே ஃப்ரிட்ஜிலிருந்த தன் பழைய உப்பளத்து ஜாதியை எடுத்து, கல்லூரியில் செய்த பழைய வளர்ப்புக் கரைசல் கொஞ்சம் மிச்சமிருந்ததில் முதலில் எழுப்பினாள். சில நாளில் நன்றாகச் சிவந்து வந்தது. அதிலிருந்து எடுத்து எங்கள் ஹஸன் பெப்டோன் கரைசலில் விட்டாள்.

காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. சிவப்பாகக் கலங்கியிருந்த திரவம் எங்கள் கண்ணெதிரே தெளிந்துவிட்டது. நுண்ணோக்கியில் வைத்தால் ஒரு கம்பிகூட இல்லை. எல்லாம் உடைந்து கரைந்திருந்தது.

நந்தினி ஃபிளாஸ்கை ஆட்டினாள். சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை பொங்கியது.

"இது இன்னாக்கா, இப்படி நுரைக்குது?"

எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஈரல் வாங்குகிற எவருக்கும் பிடிபடும். கசாப்புக்காரர் பித்தப்பையைக் கிழிக்காமல் எடுக்காவிட்டால் ஈரல் முழுக்கக் கசந்துபோகும், கழுவினால் பச்சையாக நுரைக்கும். ஹஸன் அறுப்புக் கூடத்துக் கழிவைப் பித்தத்தோடு சேர்த்தே வேகவைக்கிறான். பித்தம் கொழுப்பைக் கரைக்கிற சாமான். சாதாரண பாக்டீரியாவுக்கு வெளியே கெட்டியான சுவர் இருக்கிறது, தாங்கிக்கொள்ளும். உப்பளத்து ஜாதிக்கு அந்தச் சுவர் கிடையாது. பித்தம் பட்டதும் செத்துவிடும். அதாவது, எங்கள் சோறே ஒரு கட்சிக்கு விஷம். விஷம் வைத்துவிட்டு, பந்திக்கு யார் வரவில்லை என்று கணக்கு எடுத்திருக்கிறோம்.

நந்தினி அழுதாள். "அவர் சொன்னது உண்மைக்கா. நான்தான் பாவி," என்றாள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இங்கே அவசரம் ஒருவருடையது, கண்ணீர் ஒருத்தியுடையது. நான் நேராகப் பாயின் ரூமுக்குப் போய், உருதுவில் நாலு வார்த்தை கேட்டேன். அதை இங்கே எழுத வேண்டாம். நல்ல பெப்டோன் வாங்கித் தர ஒப்புக்கொள்ளும்வரை கிளம்பவில்லை. ஹஸன் அன்றிலிருந்து எனக்கு சலாம் சொல்வதை நிறுத்திவிட்டான். போகட்டும்.

மறுபடி முதலிலிருந்து. அதே தோல்கள், அதே உப்புகள். இந்தத் தடவை தெரிந்த ஜாதி இரண்டையும் பக்கத்திலேயே வளர்த்தாள். வீட்டில் செந்தில் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். தட்டு மாத்திச் சொல்லுச்சு, அதனால நீயும் மாத்திச் சொல்ற என்றிருக்கிறான். அந்த வார்த்தை அவளுக்கு எங்கே போய்த் தைத்தது என்று எனக்குத் தெரியும். அவள் இளைத்துப் போனாள். ஒருநாள் தொளதொளத்த சுடிதாரைச் சேப்டி பின் குத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இப்போது நாலிலும் வளர்ந்தது. தோல்களில் வளர்ந்தவற்றை ஒவ்வொரு புள்ளியாகப் பிரித்துப் பார்த்தோம். நிறையத் தட்டுகள். மேல் வரிசைத் தோலில் அத்தனையும் கீழ் பொட்டு. புது உப்பிலும் அத்தனையும் கீழ் பொட்டு. உதறின உப்பில் முன்போலவே மேல் பொட்டு. மூட்டையோடுதான் வந்திருக்கிறது வினை. ஈர மழைக்காலம், பெருகிவிட்டது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கீழ் வரிசைத் தோலிலும் பெரும்பாலும் கீழ் பொட்டுதான். அங்கங்கே சில மேல் பொட்டு.

"தூசி," என்றேன் உடனே. "குடோன் பின்னாடியே அந்த மேடு இருக்குது. காத்துல பறந்து வந்திருக்கும். எழுதாதே."

அவள் இரண்டு தோலின் தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"தூசின்னா மேல இருக்கிற தோல்லதானே ஜாஸ்தி விழணும்? மேல ஒண்ணுகூட இல்லியேக்கா. அடியில மட்டும் எப்படி?"

நான் குனிந்து மறுபடி எண்ணினேன், அவள் சொன்னது சரிதான். அவள் எழுதினாள். தோல் கெட்டதற்குக் காரணம் புது உப்பில் வந்த ஜாதி. கீழ் வரிசையில் உதறின உப்பின் பாக்டீரியாவும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டு வரி. அதை அன்று பாயிடம் கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

மறுநாள் காலை செந்தில் அவளோடு வந்தான். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தான். பாயும் நானும் லேபில்தான் இருந்தோம். காகிதத்தை அவனே பாயிடம் நீட்டினான். பாய் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! உன் மேல தப்பு இல்லடா செந்திலு. அந்த உப்புக்காரனை நான் பாத்துக்கறேன். நாளைக்கே வந்துடு."

"ரெண்டாவது வரியைப் படிங்க பாய்," என்றான்.

பாய் மறுபடி பார்த்தார்.

"மூட்டையை நான் விக்கலை. என் புள்ளைங்க சத்தியமா விக்கலை. அன்னிக்கு மழையில உப்பு லாரி வர்ல. தோல் வந்து இறங்கிடுச்சு, விட்டா நாறிப் போயிடும். அடி வரிசைக்கு மட்டும் பின்னாடி இருந்து நாலு கூடை அள்ளிப் போட்டேன். சாயங்காலம் லாரி வந்துடுச்சு. மத்ததெல்லாம் புதுசுதான்."

"அதை அன்னிக்கே சொல்லித் தொலைய வேண்டியதுதானே! இவ்வளவு பேஜாரே இல்லியே! உன் பொண்டாட்டி கையாலயே உன்னை வெட்ட வெச்சேனே நான்!"

"நாலு கூடைன்னு சொன்னா, நாப்பது மூட்டைன்னு ஆயிடும்னு பயந்துட்டேன் பாய்."

பாய் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செந்திலின் தோளைத் தட்டி, இனிமே லாரி வரலைன்னா எனக்குப் போன் பண்ணு, வாயை மூடிக்கினு இருக்காதே என்று சொல்லி அவனைக் குடோனுக்கு அனுப்பினார். தோலைக் கெடுத்தது அவன் இல்லை. வேலை போகவில்லை, பேரும் போகவில்லை. கேன்டீனில் மத்தியானமே பேச்சு மாறிவிட்டது. செந்தில் மாதிரி ஆள் உண்டா என்றார்கள். கைமாற்று இன்னும் தரவில்லை.

நந்தினி ஃபிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே. அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிக்கினு இருக்கிற? நேத்து அவனா சொன்னானா, நீ கேட்டியா?"

"கேக்கலைக்கா. பேப்பரை எதிர்ல வெச்சேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்." குழாயை மூடினாள். "இத்தனை நாளா அவரை நம்பலையேன்னு என்னையே திட்டிக்கினு கெடந்தேன். சரியா தூங்கலை, சாப்புடலை. அவரும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கினுதான் இருந்தார்." கையைத் துடைத்துக்கொண்டாள். "என் தலைமேல கை வெச்சாரேக்கா."

நான் கழுவின ஃபிளாஸ்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். பயத்தில் சொன்ன பொய், பணத்துக்காகச் சொன்னதில்லை என்று அவனுக்காகப் பேசியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவள் கண்ணைப் பார்த்த பிறகு எனக்கு அவன் மேல் ஆத்திரம்தான் வந்தது.

சாயங்காலம் செந்தில் பைக்கோடு கேட்டருகில் வந்து நின்று ஹாரன் அடித்தான். கையில் ஒரு பை, மல்லிகைப்பூ போலிருக்கிறது. நந்தினி கழுவிய சாமான்களைக் கவிழ்த்து வைத்து, அடுத்த வாரக் கரைசலுக்கு உப்பை எடை போட்டு மூடி, லேப் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் கிளம்பினாள். அவசரப்படவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாள். அன்று பூவை வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டியின் பின்கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள்.